எடை கூடாத பிள்ளை

"குயிலியின் எடை இரண்டு ஆண்டுகளாகக் கூடவில்லை. குழந்தைகள் நல மருத்துவரைப் பார்க்கப் பரிந்துரைக்கிறோம்."

கார் இந்தச் செய்தியை அனுப்பியபோது தணிகைவேல் ஆலை கேண்டீனில் தயிர்சாதம் பிசைந்துகொண்டிருந்தான். இடக்கையால் கைபேசியைக் கவிழ்த்து வைத்தான். வலக்கையில் சாதம் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைச் சாப்பிடுவதா கழுவுவதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

காரைக் குற்றம் சொல்ல முடியாது. தனக்குத் தெரிந்ததைத்தான் சொன்னது. பின்னிருக்கையில் இடப்பக்கம் ஓர் உயிர் உட்காருகிறது. எடை பதினேழு கிலோ. உடம்பில் சூடு இருக்கிறது, இதயம் துடிக்கிறது. பெல்ட் மாட்டினால் கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டு அடங்குகிறது. பெயர் குயிலி என்று பதிவாகியிருந்தது. இந்நேரம் ஏழு வயதாகியிருக்க வேண்டிய பிள்ளை ஐந்து வயது எடையிலேயே நின்றால் எந்த இயந்திரமும் கேட்கத்தான் செய்யும்.

குயிலி டெங்குக் காய்ச்சலில் செத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அந்த இருக்கையில் உட்கார்ந்துவந்தது பூந்தி. வெள்ளை உடம்பில் மஞ்சள் பொட்டுகள் இருந்ததால் குயிலி அந்த நாய்க்கு வைத்த பெயர் அது.

காரியம் முடிந்த வாரம் பூந்திக்கு ஊசி போட வேண்டியிருந்தது. பிராணிகளைப் பின்னால் சாமான் வைக்கும் இடத்தில், கூண்டுக்குள் கொண்டுபோக வேண்டும் என்பது சட்டம். பூந்தி கூண்டைப் பார்த்ததும் நழுவி, திறந்திருந்த கதவு வழியாக உள்ளே பாய்ந்து, குயிலியின் இருக்கையில் சுருண்டுகொண்டது. அங்கே அவள் வாசனை மிச்சம் இருந்திருக்கும்.

"குயிலி அமர்ந்துவிட்டார்," என்றது கார். "பெல்ட்டைச் சரிபார்க்கவும்."

தணிகைவேல் மனைவியைப் பார்த்தான். கோதை அவனைப் பார்க்கவில்லை. பின்பக்கம் போய், நாயின் மார்புப்பட்டையோடு சேர்த்து பெல்ட்டை மாட்டிவிட்டு, முன்னால் வந்து உட்கார்ந்தாள். பூந்திதான் அது என்று காருக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இருவரும் சொல்லவில்லை.

அதன்பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. கோயிலுக்கோ கடைக்கோ பூந்தியைக் கூட்டிக்கொண்டு கிளம்பினால் குயிலியின் இருக்கைதான். தானே ஓடும் கார் அது. பின்னால் பிள்ளை இருக்கிறது என்று நம்பி, வளைவுகளில் மெதுவாகத் திரும்பும், முன்னால் போகும் லாரிக்குத் தூரமாகவே போகும். இவர்கள் இறங்கிக் கடைக்குள் போனால் உள்ளே குளிர்காற்றை ஓடவிட்டுக் காவல் காக்கும். கொஞ்சம் தாமதமானால் கைபேசியில் கூப்பிட்டு, குழந்தை தனியாக இருக்கிறது, வாருங்கள் என்று அதட்டும். "வந்துட்டோம், வந்துட்டோம்," என்று கோதை காய்கறிப் பையோடு ஓடிவருவாள்.

"குயிலி அமர்ந்துவிட்டார்."

"சரி சாமி," என்பான் தணிகைவேல். வண்டி கிளம்பும்.

வீட்டில் அந்தப் பெயரை யாரும் எடுப்பதில்லை. அவள் படம்கூடப் பீரோவுக்குள் இருந்தது. இரண்டு வருடமாக அந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தது கார் ஒன்றுதான். கோதைக்கு அது வேண்டியிருக்கிறது என்று தணிகைவேல் நினைத்தான். அதனால்தான் விட்டுவைத்தான். அவளிடம் கேட்டதில்லை. கேட்டால் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டியிருக்கும்.

கேண்டீனில் வந்த செய்திக்கு அவன் பதில் போடவில்லை. அடுத்த வாரம் இன்னொன்று வந்தது. மாத முடிவுக்குள் மருத்துவச் சான்று தராவிட்டால் விவரம் குழந்தைகள் நல அலுவலகத்துக்குப் போகும் என்றது. இரண்டு பேர் வீட்டுக்கு வந்து மணி அடிப்பதை அவன் நினைத்துப் பார்த்தான். கோதை கதவைத் திறப்பாள். பிள்ளை எங்கேம்மா என்று கேட்பார்கள்.

கெடு நெருங்கியபோது ஆலை வாசலிலேயே, காருக்குள் உட்கார்ந்து, பெயர்ப் பட்டியலைத் திறந்தான். குயிலியை நீக்கு என்று அழுத்தினான். திரை காரணம் கேட்டது. இரண்டே காரணங்கள் இருந்தன. வேறு வாகனத்துக்கு மாறிவிட்டார். வளர்ந்துவிட்டார்.

கீழே வேறு ஏதாவது இருக்கிறதா என்று தள்ளிப் பார்த்தான். இல்லை. காரைச் செய்தவர்களைப் பொறுத்தவரை பிள்ளைகள் இந்த இரண்டு வழியில்தான் இருக்கையைக் காலி செய்வார்கள் போலிருக்கிறது. வளர்ந்துவிட்டார் என்பதை அழுத்தினான்.

"வாழ்த்துகள்," என்றது கார்.

பிறகு பூந்தியைப் பூந்தியாகவே பதிந்தான். இருக்கையில் உட்காரும் செல்லப்பிராணி, பெல்ட் உண்டு. அதற்கு அபராதம் போல ஒரு கட்டணம் கேட்டது, ஒப்புக்கொண்டான். சின்ன எழுத்தில் ஒரு பக்கம் ஓடியது. அதைப் படிக்கிற நிலையில் அவன் இல்லை. நல்ல நிலையில் இருந்திருந்தாலும் படித்திருக்க மாட்டான். யார்தான் படிக்கிறார்கள்.

மறுநாள் காலை திண்டிவனத்துக்குக் கிளம்ப வேண்டும். கோதையின் தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசம். அக்கினி நட்சத்திரம் கொளுத்திக்கொண்டிருந்தது. சேலத்திலிருந்து அவ்வளவு தூரம் பூந்தி வந்ததில்லை என்பதால் கோதை எல்லாம் யோசித்து வைத்திருந்தாள். வாந்தி எடுக்காமலிருக்கக் காலையில் சோறு கிடையாது, தண்ணீர் மட்டும். ஒரு கிண்ணம், ஈரத்துண்டு, அது கடித்துப் பழகிய பழைய செருப்பு. தலையை வெளியே நீட்டித் தூசி வாங்காமலிருக்கக் கண்ணாடி முழுக்க ஏற்றியிருக்க வேண்டும்.

பெல்ட்டை மாட்டினாள்.

"செல்லப்பிராணி அமர்ந்துள்ளது. பெல்ட் சரியாக உள்ளது."

கோதையின் கை கதவில் நின்றது. "என்னங்க, வேற மாதிரி சொல்லுது?"

"ஏதோ அப்டேட்டாம். நேத்து வந்துச்சு."

"ம்," என்றாள். வந்து உட்கார்ந்தாள். ஆத்தூர் வரைக்கும் சன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். தணிகைவேல் அவள் முகத்தைப் படிக்க முயன்று தோற்றான்.

ஆத்தூர் தாண்டி ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி பூந்தியை இறக்கினார்கள். அது மரத்தைச் சுற்றி வந்து, முகர்ந்து, எதுவும் செய்யாமல் உட்கார்ந்துகொண்டது.

"இந்த மரம் பிடிக்கலையாம் உங்க பொண்ணுக்கு," என்றாள் கோதை.

அவள் அப்படிப் பேசி வெகுநாள் ஆகியிருந்தது. "உன் தம்பி வீட்டுப் புதுச் சுவத்துக்காக வெச்சிருக்கு போல," என்றான். கோதை சிரித்தாள். நீக்கியது சரிதான் என்று அவனுக்குத் தோன்றியது. பூந்தி எழுந்து, பெட்டை நாய் ஆனதால் காலைத் தூக்காமல் உட்கார்ந்தே வேலையை முடித்தது.

உளுந்தூர்பேட்டைக்கு முன்னால் சாலையோரம் பெரிய உணவகம் ஒன்று இருந்தது. வாசலில் ஒரு பணியாள் மறித்தார்.

"நாய் உள்ள வரக்கூடாது சார். போன வாரம் ஒருத்தரு பூனைய மடியில வச்சிக்கினு பொங்கல் சாப்ட்டாரு. பூனை பக்கத்து டேபிள் மீன்ல கைய வச்சிடுச்சி. முதலாளி என்னத்தான் திட்டுனாரு."

"இது மீன் சாப்பிடாதுங்க," என்றாள் கோதை.

"அது எங்க முதலாளிக்குத் தெரியாதும்மா."

பூந்தியை மறுபடி இருக்கையில் ஏற்றி, பெல்ட்டை மாட்டி, தண்ணீர்க் கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்தாள். கண்ணாடி ஏறியிருக்கிறதா என்று பார்த்தாள். "இங்கயே இரு, வந்துடறோம்," என்றாள். கதவு பூட்டிக்கொண்டது. உள்ளே குளிர்காற்று ஓடிக்கொண்டிருந்தது. எப்போதும் ஓடும்.

தோசை வரத் தாமதமானது. கிரகப்பிரவேசத்துக்கு வரும் சொந்தக்காரர்களைப் பற்றிக் கோதை பேசினாள். தம்பி மனைவி வாசலில் வைத்த மீன்தொட்டியைப் பற்றிப் பேசினாள். காபி குடித்தாள். "நல்லாருக்கு, இன்னொண்ணு சொல்லுங்களேன்," என்றாள். தணிகைவேல் உடனே கையைத் தூக்கிப் பணியாளைக் கூப்பிட்டான்.

"பூந்தி என்ன பண்ணுதோ," என்றாள் நடுவில்.

"ஏதாவதுன்னா வண்டி கூப்பிடும்ல. ஆற அமரக் குடி."

கைபேசி மேசைமேலேயே இருந்தது. அது அடிக்கவில்லை. இரண்டு பேரும் அந்த அமைதியை நம்பினார்கள்.

வெளியே வந்தபோது கார் நின்ற இடத்தில் நிழல் நகர்ந்து போயிருந்தது. கோதை கைப்பிடியைத் தொட்டுவிட்டு வெடுக்கென்று கையை எடுத்தாள். கதவு திறந்ததும் அடுப்பைத் திறந்ததுபோல அனல் முகத்தில் அடித்தது. கிண்ணம் கவிழ்ந்து கிடந்தது. பெல்ட் துணி கடிபட்டுப் பாதி அறுந்திருந்தது. மீதிப் பாதி பூந்தியை இருக்கையோடு பிடித்து வைத்திருந்தது. கண் திறந்திருந்தது. நாக்கு ஊதா நிறத்தில் தொங்கியது.

கோதை அதைத் தூக்கித் தரையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். வயிற்றை அமுக்கினாள். மூக்கில் வாயை வைத்து ஊதினாள். தணிகைவேல் கால்நடை மருத்துவமனை எங்கே என்று யாரிடமோ கேட்டான். அவர் நாயைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

கூட்டம் சேர்ந்தது. உணவகத்துக் காவலாளி, "குலைச்சிது சார். கேட்டேன். எல்லா நாயும் வண்டிக்குள்ள குலைக்கும், அப்பிடித்தான்னு நெனச்சேன்," என்றார்.

மறித்த பணியாளும் வந்து நின்றார். "கடவுள் புண்ணியத்துல நாயோட போச்சி. பிள்ளை கிள்ளை இருந்திருந்தா?" என்றார் ஒருவர். பணியாள் மறுப்பாகத் தலையை ஆட்டினார்.

"பிள்ளைன்னா வண்டி உட்டுடுமாண்ணே? ஊரையே கூட்டியிருக்கும். ஏசி அதுவாப் போட்டுக்கும். நாய்ன்னா அதுக்குச் சாமான்தான்."

தணிகைவேல் சட்டென்று திரும்பினான். கோதைக்கு அந்தப் பேச்சு கேட்டதா என்று பார்த்தான். அவள் பூந்தியின் காதை மடக்கி மடக்கி விட்டுக்கொண்டிருந்தாள்.

கிரகப்பிரவேசத்துக்குச் செத்த நாயோடு போக முடியாது. தம்பிக்குச் சேதி சொல்லிவிட்டு, உணவகத்துக்குப் பின்னால் இருந்த முந்திரித்தோப்புக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். தோப்புக்காரர் விவரம் கேட்டார். உள்ளே போய் மண்வெட்டி எடுத்து வந்தார்.

"வேலியோரமா ஆழமாத் தோண்டுங்க. இல்லாட்டி ராத்திரியில வேற நாய்ங்க தோண்டிப்புடும்," என்றார். "நான் வெட்டட்டா?"

"நானே வெட்டிக்கிறேன்."

செம்மண் காய்ந்து பாறையாக இருந்தது. பாதிக்குழி வெட்டியதும் தண்ணீர் வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டுத் தோப்பின் மறுகோடிக்குப் போனான் தணிகைவேல். கார் நிறுவனத்தின் உதவி எண்ணைக் கூப்பிட்டான். ஒரு பெண் எடுத்தாள். தூங்கி நாளானவள் போன்ற குரல்.

"சொல்லுங்க சார்."

"வண்டிய நிறுத்தினா உள்ள ஏசி ஓடும்ல? ஏன் நின்னுச்சு?"

"ஒரு நிமிசம் சார், பாக்கறேன். நிறுத்திக் கொஞ்ச நேரத்துல ஆஃப் ஆயிருக்கு. அது சரிதானே சார். உள்ள பேசஞ்சர் யாரும் இல்லையே."

"நாய் இருந்துச்சு."

"செல்லப்பிராணிக்கு நீங்கதான் திரையில காவல் மோடை ஆன் பண்ணணும் சார். குழந்தைன்னாத்தான் அதுவா வரும். கூப்பிடறது, அலாரம் எல்லாம் குழந்தைப் பதிவுக்கு மட்டும்தான்."

"இத்தனை நாளா வந்துச்சும்மா."

மறுமுனையில் விசைகள் தட்டும் ஓசை கேட்டது. "நேத்து வரைக்கும் குழந்தைன்னு இருந்திருக்கு சார். நேத்து நீங்களே எடுத்திருக்கீங்க." குரலில் ஒரு சலிப்பு வந்தது. "நிறையப் பேர் நாயைக் குழந்தைன்னு போட்டுடறாங்க சார். அதுக்குத்தான் இப்ப எடையெல்லாம் செக் பண்றோம். நீங்க எடுத்தது நல்லதுதான். நாய்க்கு ஒண்ணும் இல்லையே?"

தணிகைவேல் இணைப்பைத் துண்டித்தான்.

எதிரே முந்திரிப்பழங்கள் உதிர்ந்து அழுகிக் கிடந்தன. இதைக் கோதைக்குச் சொல்லாமலே இருந்துவிடலாம். வண்டியில் கோளாறு என்றால் நம்புவாள். இரண்டு வருடமாகப் பேசாமலிருந்த வீட்டில் இன்னொன்றைப் பேசாமலிருப்பது பெரிய வேலை இல்லை. ஆனால் அவள் யாரையாவது குற்றம் சொல்ல வேண்டியிருக்கும். யாரைச் சொல்வாள் என்பதும் அவனுக்குத் தெரிந்திருந்தது.

திரும்பி வந்தபோது கோதையே மண்வெட்டியை எடுத்துக் குழியை முடித்திருந்தாள். உள்ளங்கை தோல் உரிந்திருந்தது. பூந்தியை ஈரத்துண்டில் சுற்றி இறக்கினார்கள். செருப்பைப் பக்கத்தில் வைத்தாள்.

"கண்ணாடிய நாந்தான் முழுக்க ஏத்துனேன்," என்றாள். "கொஞ்சம் எறக்கி விட்டிருக்கலாம். தூசி கண்ணுல பட்டா என்ன, செத்தா போயிருக்கும்? நாந்தான் கொன்னுட்டேன்."

"கோதை."

"ரெண்டாவது காபி வேற கேட்டேன்."

"கோதை, கண்ணாடியில ஒண்ணும் இல்ல. நேத்து நான் பாப்பா பேர எடுத்துட்டேன்." குழியைப் பார்த்தே சொன்னான். "வண்டியிலேருந்து. அந்தப் பேரு இருந்ததாலதான் ஏசி தானா ஓடிச்சாம். எடுத்ததும் நின்னுடுச்சு. எனக்குத் தெரியாது. அப்டேட்டுன்னு சொன்னது பொய்."

எடை கூடாத செய்தி, அலுவலகத்திலிருந்து வருவதாக இருந்த ஆட்கள், எல்லாவற்றையும் சொன்னான். கோதை மண்ணைக் கையால் தள்ளிக்கொண்டே கேட்டாள். தணிகைவேல் அடி விழக் காத்திருப்பவன்போல நின்றான்.

"பேர எடுத்தது தெரியும்," என்றாள்.

"எப்படி?"

"காலையில நீங்க சரி சாமின்னு சொல்லலை."

"நான் எப்பச் சொன்னேன்?"

கோதை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். "எப்பவும்தான். வண்டி அவ பேரச் சொல்லும். நீங்க சரி சாமின்னு பதில் சொல்வீங்க. அவ இருந்தப்பச் சொல்ற மாதிரியே. ரெண்டு வருசமா. உங்களுக்கே தெரியாதா?"

அவனுக்குத் தெரியாது.

"எனக்கு அந்த வண்டியில ஏறவே பிடிக்காது," என்றாள். "ஏறுனா அந்தப் பேரு. ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பாப்பேன், நாய் உக்காந்திருக்கும். எப்பவோ எடுத்துப்போட்டிருப்பேன். இந்த மனுசன் பதில் சொல்லிட்டு வர்றாரே, அதையும் பிடுங்கணுமான்னு விட்டு வெச்சேன்."

"நான் உனக்காக வெச்சிருந்தேன்."

ஒரு லாரி சாலையில் ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

"காலையில பேரு வரலைன்னதும் நிம்மதியா இருந்துச்சுங்க," என்றாள் கோதை. "சரி, இவரே எடுத்துட்டாரு, இனிமேப் பொழைச்சுக்குவாருன்னு. அந்தச் சந்தோசத்துலதான் இன்னொரு காபி குடிச்சேன்." மூக்கைப் புறங்கையால் துடைத்தாள். மண் ஒட்டியது. "ஒரு வார்த்தை கேட்டிருந்தீங்கன்னா..."

முடிக்கவில்லை. அவனுக்கு மீதி தெரிந்தது. கேட்டிருந்தால் அவளும் கூட உட்கார்ந்திருப்பாள். அவள் சின்ன எழுத்தைப் படிக்கிறவள். ரேஷன் கடை அறிவிப்பைக்கூட விடாமல் படிப்பாள்.

"எடுக்கறப்பக் காரணம் கேட்டுச்சா?"

"ம்."

"என்ன போட்டீங்க?"

"வளர்ந்துட்டாள்னு."

"வேற எதுவும் இல்லையா அதுல?"

"இல்ல."

கோதை தலையை ஆட்டினாள். மிச்ச மண்ணைத் தள்ளி மூடினாள். தோப்புக்காரர் ஒரு பெரிய கல்லை உருட்டிக்கொண்டு வந்து மேலே வைத்தார். மண்வெட்டியை வாங்கிக்கொண்டார். "கை கழுவிட்டுப் போங்கம்மா, குழாய் அங்க இருக்குது," என்றார்.

காருக்குள் இப்போது சில்லென்றிருந்தது. இவர்கள் நெருங்குவது தெரிந்ததும் குளிர்காற்றைப் போட்டுவைத்திருந்தது. சேலத்துக்கு என்றான் தணிகைவேல். கார் நகரவில்லை.

"செல்லப்பிராணி பூந்தி இருக்கையில் இல்லை. காத்திருக்கவா, பட்டியலிலிருந்து நீக்கவா?"

அவன் விரல் திரைவரை போனது. மடக்கிக்கொண்டான்.

"என்ன பண்ணட்டும் கோதை?"

"இப்பக் கேக்குறீங்க," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. உரிந்த கையை நீட்டி, நீக்கு என்பதை அவளே அழுத்தினாள். திரை காரணம் கேட்டது. வேறு உரிமையாளரிடம் தரப்பட்டது. தொலைந்துவிட்டது. இறந்துவிட்டது.

கோதை அந்தப் பட்டியலை வெகுநேரம் பார்த்தாள்.

"இதுக்கு இருக்கு பாருங்க," என்றாள்.

கடைசியாக இருந்ததை அழுத்தினாள்.

"உங்கள் இழப்புக்கு வருந்துகிறோம்," என்றது கார். "பின்னிருக்கை காலியாக உள்ளது. கிளம்பலாமா?"

தணிகைவேல் வாயைத் திறந்தான். அந்த இரண்டு வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. இத்தனை நாள் அது தன் வாயிலிருந்து எப்படி வந்தது என்பதே இப்போது அவனுக்குப் புரியவில்லை. வரவில்லை. கார் காத்திருந்தது. கோதையும் காத்திருந்தாள்.

"சரி சாமி," என்றாள் கோதை.

கார் கிளம்பியது. பின்னால் யாரும் இல்லாததால் வளைவில் வேகமாகத் திரும்பியது.